எந்த பஸ்ல வர்றம்மா?

பருவத் தேர்வு நெருங்கினால் ஆசிரியர் அறை வாசலில் ஒரு வரிசை நிற்கும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனவர்கள். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா" என்பதோடு பெரும்பாலும் விசாரணை முடிந்துவிடும். அந்த அப்பா ஒருநாள் கூலியை இழந்து வந்து, கைகட்டி நின்று, கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்.

அப்படி நின்ற ஒரு மாணவியின் பதிவேட்டைச் சக ஆசிரியை ஒருவர் நாள்வாரியாகப் புரட்டினார். விடுப்பு எல்லாமே முற்பகல் அரை நாள். "எந்த பஸ்ல வர்றம்மா?" என்று கேட்டார். ஊரிலிருந்து வரும் ஒரே காலைப் பேருந்து தாமதமானால் கல்லூரி வாசலுக்கு வர 9.20 ஆகிவிடும், வகுப்பு 9 மணிக்கு. எல்லோர் முன்னாலும் திட்டு வாங்குவதற்கு மரத்தடியே மேல் என்று அவள் உட்கார்ந்திருந்தாள். துறைத் தலைவரிடம் பேசி, தாமதமானாலும் வகுப்பில் உட்கார ஆசிரியை அனுமதி வாங்கித் தந்தார்.

வழிகாட்டும் ஆசிரியருக்கு வேண்டிய முதல் திறன் இப்படிக் கேட்கத் தெரிவதுதான். நாக் (NAAC) தரமதிப்பீட்டுக்காகக் கல்லூரிதோறும் மென்டார் (வழிகாட்டி) நோட்டு வந்துவிட்டது. எத்தனை மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்று அதில் கணக்குக் காட்டலாம். யார் யாரிடம் மனம்விட்டுப் பேசினார்கள் என்பது அதில் ஏறாது.

அடுத்தது, விதிகளை அறிந்திருப்பது. 2022-இல் வந்த புதுமைப் பெண், 2024-இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் யாருக்குக் கிடைக்கும், முதல் பட்டதாரிச் சான்றிதழை எங்கே வாங்குவது, அரியர் இருந்தால் வளாக வேலைவாய்ப்புத் தேர்வில் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்ல, கல்லூரி வாசலையே மிதிக்காத குடும்பத்தில் யார் இருக்கிறார்கள்?

எல்லாவற்றையும்விடக் கடினமானது ரகசியம் காப்பது. காதல் என்ற சொல் வீட்டுக்கு எட்டினால், மறுநாளே படிப்பு நின்றுபோகும் பெண்கள் நம் ஊர்களில் இன்னமும் இருக்கிறார்கள். ஆசிரியர் அறையில் அது பேச்சாகிவிட்டால் அந்தப் பெண் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டாள். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மௌனம் கூடாது. உடனே மனநல ஆலோசகரிடம் அழைத்துப்போக வேண்டும். 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறது.

இத்தனையையும் மதிய உணவு இடைவேளையில் செய்யச் சொல்வது நியாயமில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையில் ஒதுக்கி, அதைப் பணிச்சுமைக் கணக்கில் சேருங்கள் என்று கல்லூரி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.