எட்டு சென்டிமீட்டர் சண்டை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் நடந்த வாக்குவாதத்துக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இது. குழுவில் எழுதினால் நடுவில் ஆளுக்கொரு பூங்கொத்துப் படம் போட்டுவிடுகிறீர்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா வீட்டுக்கு மங்களூர் ஓட்டுக் கூரை போடுகிறோம். படம் வரைந்து தருவது தம்பி மகள். ஆர்க்கிடெக்ட் படிப்பு முடித்து இரண்டு வருடம் ஆகிறது. ரெவிட் என்ற மென்பொருளில் வீட்டையே முப்பரிமாணமாகக் கட்டிக் காட்டுகிறாள். பெரிய கூரை ஒன்று, முன்னால் போர்ட்டிகோவுக்குச் சின்னக் கூரை ஒன்று. இரண்டும் சேரும் இடத்தில் கூடுவாய். ஓட்டு வரிசைகள் பெரிய கூரையிலிருந்து சின்னக் கூரைக்கு ஒரு கோடு பிசகாமல் ஓடின. அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

அந்தப் படத்தை ஓட்டு வேலைக்காரரிடம் போனில் காட்டினேன். அவரும் என்னிடம் படித்தவர்தான், எட்டாம் வகுப்பில் கணக்கில் கொஞ்சம் தகராறு. படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "சார், போர்ட்டிகோ இறவாணத்துல அரை ஓடுல்ல வருது? அரை ஓட்டை எதுல மாட்டுறது?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. நான் பத்து முறை பார்த்த படம், என் கண்ணில் படவில்லை.

ஓடு வேய்கிறவர் கீழே இறவாணத்தில்தான் தொடங்குவார். முதல் வரிசை முழு ஓடு. ஓட்டின் பின்பக்கத்தில் இருக்கும் புடைப்பு ரீப்பரில் மாட்டிக்கொள்ளும். அதன் தலைமேல் அடுத்த வரிசை ஏறும். முகட்டில் ஓட்டை வெட்ட வேண்டி வந்தாலும் மோட்டு ஓடு மறைத்துவிடும். இறவாணத்தில் மறைக்க ஒன்றும் கிடையாது.

தம்பி மகளிடம் கேட்டேன். முகம் வாடிவிட்டது, ஆனால் மறைக்காமல் சொன்னாள். முதலில் வரிசைகள் கூடுவாயில் சேரவில்லையாம். அலைன் என்று ஒரு கருவி இருக்கிறது. முதலில் எந்தக் கோட்டோடு சேர வேண்டுமோ அதைத் தொட வேண்டும், பிறகு சேர்க்க வேண்டிய ஓட்டுக் கோட்டைத் தொட வேண்டும். அந்தப் பக்கத்து வடிவம் மொத்தமும் நகர்ந்து வந்து ஒட்டிக்கொள்ளும். இவள் பெரிய கூரையின் வரிசையைத் தொட்டு, போர்ட்டிகோ வரிசையை அதோடு இழுத்துச் சேர்த்துவிட்டாள். படம் அழகாகிவிட்டது. அரை ஓடு இறவாணத்துக்குப் போய்விட்டது.

அவளோடு உட்கார்ந்து நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்த மென்பொருளில் பரப்பின் மேல் போடும் வடிவங்கள் இரண்டு வகை. டிராஃப்டிங் வகை காகிதத்தின் அளவுக்குக் கட்டுப்பட்டது. 1:100 படத்தில் 12 வரிசை தெரியும் கூரை, 1:50 படத்தில் 24 வரிசை காட்டும். எண்ணிப் பார்க்கும் பழக்கம் உள்ள வாத்தியாருக்கு இது தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம். மாடல் வகை அப்படியில்லை. 32 சென்டிமீட்டர் என்று கொடுத்தால் எந்தப் படத்திலும் கூரையின் மேல் 32தான். நகர்த்திச் சேர்க்க முடிவதும் இந்த வகையைத்தான். மேலிருந்து பார்க்கும் பிளானில் மட்டும் வரிசைகள் நெருக்கமாகத் தெரியும். 30 பாகை சரிவில் 32 என்பது 28க்குக் கொஞ்சம் குறைவாகத் தெரியும். அது பிழை இல்லை. சிலேட்டைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள், புரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். எங்கள் ஓடு சுமார் 41 சென்டிமீட்டர் நீளம். மேலோட்டுக்குள் மறைவது போக வெளியே தெரிவது ஏறக்குறைய 32. சரிவு 30 பாகை என்பதால் ஒரு வரிசை ஏறினால் உயரம் அதில் பாதி, 16 சென்டிமீட்டர். போர்ட்டிகோ இறவாணம் பெரிய இறவாணத்தைவிட 40 சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. 40ஐ 16ஆல் வகுத்தால் இரண்டரை வரிசை. அந்த அரைதான் எல்லாவற்றுக்கும் காரணம். கோடு சேராமல் நின்றபோதே மென்பொருள் உண்மையைச் சொல்லிவிட்டது. நாம்தான் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

என் கருத்து இதுதான். ஒவ்வொரு சரிவிலும் அதனதன் இறவாணத்தோடு மட்டும் ஓட்டு வரிசையைச் சேர்க்க வேண்டும். அதற்குப் பிறகு கூடுவாயில் கோடுகள் சந்திக்காவிட்டால் கோட்டைத் தொடக் கூடாது, கூரையைத்தான் நகர்த்த வேண்டும். இங்கே போர்ட்டிகோவை 8 சென்டிமீட்டர் உயர்த்தினால் வித்தியாசம் 32, சரியாக இரண்டு வரிசை. தூண் இன்னும் எழும்பவில்லை. காசு செலவில்லாத திருத்தம்.

குழுவில் தம்பி, "படம் பார்க்கத்தானே அண்ணா, கோடு எப்படி இருந்தா என்ன?" என்று எழுதியிருந்தான். கான்கிரீட் சரிவின் மேல் சிமென்ட் வைத்து ஒட்டுகிற ஓடு என்றால் நானும் ஒத்துக்கொள்வேன். அதை எங்கே வேண்டுமானாலும் வெட்டி ஒட்டலாம். மரச்சட்டத்தில் மாட்டுகிற ஓடு அப்படி இல்லை. 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் ஆலை தொடங்கிய நாளிலிருந்து அது அச்சில் வார்த்து வருகிற பொருள். நம் வசதிக்கு நீளாது, குறுகாது.

கூடுவாயில் தகரம் வைத்து இரு பக்கமும் ஓட்டைச் சாய்வாக வெட்டுவதால் வரிசை பிசகினாலும் தண்ணீர் ஒழுகாது என்று வேலைக்காரரே சொன்னார். உண்மைதான். ஆனால் அக்கா சம்மதம் சொன்னது கோடு சேர்ந்த படத்துக்கு. வேலை முடிந்த பிறகு வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்து, "படத்தில் இப்படி இல்லையே" என்று அவள் கேட்டால், ஏணியில் நிற்கிறவர்தான் பழி சுமப்பார். படம் வரைந்தவள் அங்கே இருக்க மாட்டாள். என் கோபம் அதற்குத்தான்.

பிள்ளையை எல்லோர் முன்னாலும் கேட்டது என் தவறு. தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். நாற்பது வருடம் கரும்பலகை முன்னால் நின்ற வாய், சட்டென்று அடங்க மாட்டேன் என்கிறது.

நேற்று புதுப் படம் அனுப்பியிருந்தாள். இறவாணத்தில் முழு ஓடு, கூடுவாயில் கோடும் சேர்ந்திருக்கிறது. கூடவே ஒரு செய்தி: "பெரியப்பா, பின்பக்கச் சமையலறைக் கூரையும் 40தான் தாழ்வா இருக்கு. அதையும் மாத்திட்டேன். அத்தைகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

இன்னும் சொல்லவில்லை. சமையலறைப் பக்கம் கை வைத்தோம் என்றால் அக்கா என்ன சொல்வாள் என்று உங்களுக்கே தெரியும்.