எல்லாவற்றையும் எழுதும் சேர்வரை யார் வாசிப்பது?

வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட பாய்க்கப்பல் ஒன்று 1938ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமெரிக்காவின் குளோஸ்ரர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அன்னபூரணி அம்மாள் என்ற பெயரோடு கடலில் இறங்கிய அந்தக் கப்பலை விலைக்கு வாங்கிய அமெரிக்கர், அதற்கு புளோரன்ஸ் சி. றொபின்சன் என்று புதுப்பெயர் சூட்டியிருந்தார். ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள்.

இப்படியான நெடும் பயணங்களில், பாய்க்கப்பல் காலத்து மேலைத்தேய மாலுமிகள் வேகத்தை அளக்க, முடிச்சிட்ட கயிற்றில் மரத்துண்டு ஒன்றைக் கட்டிக் கடலில் எறிவார்கள். குறித்த நேரத்துக்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறது என்று எண்ணிப் புத்தகத்தில் எழுதுவார்கள். அந்த மரத்துண்டுக்கு லொக் என்று பெயர். நாளடைவில் புத்தகத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. காற்று, திசை, வேகம், வழியில் கண்டவை என்று ஒரு நாளுக்குச் சில வரிகள்தான். அடுத்த காவலுக்கு வருபவர் அவற்றை வாசித்துவிட்டுத்தான் சுக்கானைப் பிடிப்பார்.

அந்த லொக்தான் இன்று சேர்வர்களின் வயிற்றுக்குள் இருக்கிறது. தமிழில் பதிகை என்கிறார்கள். யார் உள்ளே வந்தார், எந்தக் கோரிக்கை தோற்றது, எந்த இணைப்பு அறுந்தது என்று சேர்வர் தனக்குத்தானே எழுதிவைக்கும் நாட்குறிப்பு அது. வங்கிப் பரிமாற்றம், வைத்தியசாலைப் பதிவு, பல்கலைக்கழகப் பெறுபேறு என எதைத் தாங்கும் சேர்வரும் இதை எழுதுகிறது. குறை என்னவென்றால், கப்பலில் சில வரிகளாக இருந்தது இங்கே கோடிக்கணக்கான வரிகளாகிவிட்டது. வாசிப்பதற்கு அடுத்த காவலாளி எவரும் வருவதில்லை.

ஒரு சிறு கணக்கு. ஒரு வரி 200 பைட் என்று வைப்போம். விநாடிக்கு 1,000 வரி எழுதும் ஒரு செயலி, ஒரு நாளில் 17.28 ஜிகாபைட் எழுதிவிடும். 40 ஜிகாபைட் வெற்றிடம் உள்ள சேர்வர் இரண்டரை நாளுக்குள் நிரம்பிவிடும். டிஸ்க் நிரம்பினால் தரவுத்தளத்தால் புதிதாக எதையும் எழுத முடியாது. புதிதாக உள்நுழைபவரின் விபரத்தைக்கூடச் சேமிக்க இடமிராது. வெளியே இருப்பவருக்குத் தெரிவது வெற்றுப் பக்கம் மட்டும். "சேர்வர் விழுந்திட்டுது" என்ற தொலைபேசி அழைப்பு அப்போதுதான் வரும்.

யாழ்ப்பாணத்தில் அந்த அழைப்பு பெரும்பாலும் இரவில் வருகிறது. இங்கே இருந்துகொண்டு இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் மென்பொருள் செய்யும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். இங்கே நள்ளிரவு 12 மணி என்றால், கோடையில் ரொறன்ரோவில் பிற்பகல் இரண்டரை மணி, அலுவலகம் முழு மூச்சில் இயங்கும் நேரம். நித்திரைக் கலக்கத்தில் எழுந்து மடிக்கணினியைத் திறப்பவரின் முன்னால் பல இலட்சம் வரிகள் ஓடிக்கொண்டிருக்கும். அவருக்கு வேண்டியது அவற்றுள் ஒன்றோ இரண்டோதான்.

பதறியவர் செய்யும் முதல் வேலை, பெரிய லொக் கோப்பை அழிப்பது. லினக்ஸில் அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. செயலி அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் வரைக்கும், பெயர் பட்டியலிலிருந்து மறைந்தாலும் இடம் விடுபடாது. கோப்பு போய்விட்டது, டிஸ்க் இன்னும் நிரம்பியபடியே நிற்கிறது என்று திகைத்து நிற்பவர்கள் பலர். கோப்பை உள்ளிருந்து வெறுமையாக்க வேண்டும். அல்லது செயலியை மீளத் தொடக்க வேண்டும். இதைப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களைவிட இரவு இரண்டு மணிக்குப் பட்டுத் தெளிந்தவர்களே அதிகம்.

இவ்வளவு வரிகள் எங்கிருந்து வருகின்றன? மென்பொருளைக் கட்டும் காலத்தில் பிழை தேடுவதற்காக எல்லாவற்றையும் எழுதும்படி, டிபக் என்ற நிலையில் செயலியை வைத்திருப்பார்கள். வேலை முடிந்து மக்கள் பாவனைக்கு விடும்போது அதை மாற்ற மறந்துவிடுகிறார்கள். இது முதற் காரணம். அடுத்தது, ஒரே பிழையை ஒவ்வொரு அடுக்கும் தன் பங்குக்கு எழுதுவது: தரவுத்தளப் பகுதி ஒருமுறை, அதை அழைத்த பகுதி ஒருமுறை, இணையப் பகுதி ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஐம்பது வரி விளக்கத்தோடு. மூன்றாவது வெளியிலிருந்து வருவது. இணையத்தில் திறந்து கிடக்கும் எந்தச் சேர்வரையும் கடவுச்சொல் ஊகிக்கும் தானியங்கி மென்பொருள்கள் இரவு பகலாகத் தட்டிக்கொண்டே இருக்கும். தோற்ற முயற்சி ஒவ்வொன்றும் ஒரு வரி.

இலங்கைக்கு என்று தனிக் காரணம் ஒன்றும் உண்டு. அது மின்சாரம். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து நாடு முழுவதும் இருண்டது. இப்படி இணைப்பு அறும்போது, மின்கலத்தில் உயிரோடு நிற்கும் சேர்வர் மறுமுனையைத் தேடி மீண்டும் மீண்டும் கூப்பிடும். இடைவெளி விட்டுக் கூப்பிடச் சொல்லிக் கொடுக்காத செயலி, விநாடிக்கு நூறு தடவை கூப்பிட்டு நூறு தடவையும் தோல்வியை எழுதும். கரண்ட் வந்த பிறகு பார்த்தால், உண்மையில் எது பழுதானது என்ற ஒரு வரி அந்தக் குவியலுக்கு அடியில் புதைந்திருக்கும்.

எச்சரிக்கை மிகுதி என்ன செய்யும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1994 ஜூலை 24ஆம் திகதி வேல்ஸின் மில்போர்ட் ஹேவனில் உள்ள எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 26 பேர் காயமடைந்தார்கள். வெடிப்புக்கு முந்திய 11 நிமிடங்களில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த இரண்டு பேருக்கு 275 அபாய ஒலிகள் வந்து குவிந்தன என்று விசாரணை கண்டது. ஏறத்தாழ இரண்டரை விநாடிக்கு ஓர் ஒலி. எது முக்கியமானது என்று பிரித்தறிய அவர்களுக்கு அவகாசம் இருக்கவில்லை.

கணினி உலகிலும் இதே கதை நடந்தது. 2013இல் அமெரிக்காவின் ரார்கெற் அங்காடி நிறுவனத்திடமிருந்து 4 கோடி வங்கி அட்டைகளின் விபரம் திருடப்பட்டது. ஊடுருவலைக் காவல் மென்பொருள் கண்டு எச்சரித்தது. பெங்களூரில் இருந்த கண்காணிப்புக் குழு அதைப் பார்த்து மினியாப்பொலிஸ் தலைமையகத்துக்கு அறிவித்தது. அங்கே நாளாந்தம் வந்து குவியும் எச்சரிக்கைகளில் ஒன்றாக அது கடந்துபோனது. கருவி உறங்கவில்லை, பெங்களூரும் உறங்கவில்லை. குவியலில் எது பெரியது என்று பிரித்துக் காட்டும் ஒழுங்குதான் இருக்கவில்லை.

2023 ஓகஸ்ட் கடைசி வாரம் இலங்கைக்கும் ஜப்பானுக்கும் ஒரே நேரத்தில் பாடம் சொன்னது. ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் கிளவுட் சேவைமீது கப்பம் கோரும் மென்பொருள் பாய்ந்தது. மே 17 தொடக்கம் அன்றுவரை அரச அலுவலகங்களின் ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் கணக்குகளில் சேர்ந்த தரவு மீட்க முடியாதபடி அழிந்தது. அந்த மூன்று மாதத்துக்கும் பிரதி இருக்கவில்லை. மின்னஞ்சல் மென்பொருளும் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. மறுநாள், ஓகஸ்ட் 27, ரொயோட்டா நிறுவனத்தில் வழமையான பராமரிப்பு வேலை நடந்தது. தரவை ஒழுங்குபடுத்தும்போது டிஸ்க்கில் இடம் போதாமல் பாகங்களுக்கான ஓர்டர் முறைமை நின்றது. மாற்றுச் சேர்வரும் அதே முறைமையில் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை. 29ஆம் திகதி ஜப்பானில் அந்நிறுவனத்தின் 14 தொழிற்சாலைகள் வேலையை நிறுத்தின.

இவை இரண்டும் லொக் மிகுதியால் வந்த விபத்துகள் அல்ல. ஆனால் ஒன்று, தேவையான பதிவைக் காக்கத் தவறினால் அரசே மூன்று மாதத்தை இழக்கும் என்று காட்டியது. மற்றது, டிஸ்க்கில் இடம் என்ற அற்பமான விடயம் உலகின் பெரிய கார் உற்பத்தியாளரையே நிறுத்தும் என்று காட்டியது. லொக் பற்றிய முடிவு இந்த இரண்டு ஆபத்துகளுக்கும் நடுவில்தான் எடுக்கப்பட வேண்டியிருக்கிறது.

"டிஸ்க் மலிவு, எல்லாம் கிடக்கட்டும், ஒருநாள் உதவும்" என்பது பொறியியலாளர் வட்டத்தில் அடிக்கடி கேட்கும் வாதம். பணக் கணக்கே அதை ஏற்காது. அமேசனின் கிளவுட்வோச் சேவை அமெரிக்கக் கிழக்குப் பிராந்தியத்தில் ஒரு ஜிகாபைட் லொக்கை உள்வாங்க 50 சதம் அறவிடுகிறது. மேலே சொன்ன 17.28 ஜிகாபைட், 30 நாளில் ஏறத்தாழ 259 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் மாதம் 77,000 ரூபாவுக்கு மேல், எவரும் வாசிக்காத வரிகளுக்காக.

காசைவிடப் பெரிய ஆபத்து, அந்த வரிகளுக்குள் என்ன இருக்கிறது என்பது. 2018 மே மாதம் ருவிற்றர் நிறுவனம் தன் 33 கோடிப் பாவனையாளர்களிடமும் கடவுச்சொல்லை மாற்றும்படி கேட்டது. மறைகுறியாக்கம் செய்வதற்கு முன்னரே கடவுச்சொற்கள் உள்ளக லொக்கில் அப்படியே எழுதப்பட்டிருந்தன. அடுத்த ஆண்டு பேஸ்புக்கும் இதே தவறைக் கண்டு ஒப்புக்கொண்டது. 2024இல் அயர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணைக்குழு அதற்காக 9.1 கோடி யூரோ தண்டம் விதித்தது. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. தேவைப்படும் காலத்துக்கு மேல் தனிப்பட்ட தரவை வைத்திருக்கக்கூடாது என்பது அதன் அடிப்படைகளில் ஒன்று. அடையாள அட்டை இலக்கமும் தொலைபேசி இலக்கமும் சிந்திக் கிடக்கும் லொக்கை ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அழித்தல் என்ற சொல்லை யாழ்ப்பாணத்தில் எளிதாகச் சொல்லிவிட முடியாது. 1981இல் ஏறத்தாழ 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிந்த ஊர் இது. எதையும் எறியாமல் சேர்த்து வைக்கும் குணம் அந்தத் தீயிலிருந்து வந்தது என்று சொன்னாலும் மிகையில்லை. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணைய நூலகம் அந்தக் குணத்தின் நல்ல பிள்ளை. ஆனால் அங்கே ஒரு சிறு சஞ்சிகையைக்கூடத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று வகைப்படுத்தித்தான் வைக்கிறார்கள். தேடுபவருக்கு நிமிடத்தில் கிடைப்பது அதனால்தான். அந்தப் பக்கங்களை வகைபிரிக்காமல் ஒரே அறையில் கொட்டியிருந்தால், இருந்தும் இல்லாத நிலைதான். சேர்வர் லொக்குக்கும் அந்த ஒழுங்கே வேண்டும்.

கருவிகள் இல்லாமல் இல்லை. 1980களில் அமெரிக்காவின் பேர்க்லியில் எரிக் ஓல்மன் எழுதிய சிஸ்லொக் என்ற முறை, செய்திகளை 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரித்தது. 0 என்றால் முறைமையே விழுந்துவிட்டது. 7 என்றால் பிழை தேடும் விபரம். நாற்பது ஆண்டாகியும் பல செயலிகள் எல்லாவற்றையும் ஒரே நிலையில் கொட்டுகின்றன. லினக்ஸின் ஜேர்னல்டி தன் பதிவுகளை டிஸ்க்கில் 10 வீதத்துக்கும் 4 ஜிகாபைட்டுக்கும் மேற்போகாமல் தானாகவே கட்டுப்படுத்தும். ஆனால் தனிக் கோப்பில் எழுதும் செயலியை அது தடுக்காது. அந்தக் கோப்புகளைச் சுழற்றிச் சுருக்கும் லொக்றொற்றேற் இருக்கிறது. லினக்ஸின் உபுண்டு வகையில் சிஸ்லொக் கோப்புகளை அது வழமையாக வாரம் ஒருமுறைதான் சுழற்றும். நாளுக்கு 17 ஜிகாபைட் எழுதும் செயலிக்கு வாரம் என்பது காலம் கடந்த கணக்கு. அளவைக் கொண்டு சுழற்றும்படி மாற்றவேண்டும்.

கருவிக்கும் மேலே வேண்டியது தோட்டக்காரனின் பழக்கம். குடாநாட்டுப் புகையிலைத் தோட்டத்தில் கன்றின் பக்கத்து முளைகளை அடிக்கடி பார்த்துக் கிள்ளி எடுப்பார்கள். கிள்ளாமல் விட்டால் செடி தழைத்து நிற்கும், இலையில் காரம் ஏறாது. லொக்கிலும் ஒவ்வொரு வரியையும் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம்: இந்த வரி வந்தால் யார், என்ன செய்வார்? பதில் இல்லாத வரி டிபக் நிலைக்குப் போகட்டும். நூறு தடவை வரும் பிழை, எத்தனை தடவை வந்தது என்ற எண்ணோடு ஒரே வரியாகட்டும். கடவுச்சொல்லும் அட்டை இலக்கமும் எந்த நிலையிலும் எழுதப்படக்கூடாது. உள்நுழைவு, அனுமதி மாற்றம், தரவு நீக்கம் போன்ற பாதுகாப்புப் பதிவுகள் மட்டும் தனியாக, வேறொரு சேர்வரில், நீண்ட காலம் இருக்கட்டும். தாக்குதல் நடந்த பிறகு விசாரிப்பவருக்கு அவைதான் சாட்சி.

மாணவர்களுக்கு இது கற்பிக்கப்பட வேண்டும். யாழ் பல்கலைக்கழகத்திலும் தனியார் நிறுவனங்களிலும் இறுதியாண்டுச் செயற்றிட்டங்களுக்குப் புள்ளியிடும்போது செயலி ஓடுகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு வாரம் ஓடவிட்டபின் அதன் லொக் எவ்வளவு, வாசித்தால் விளங்குகிறதா என்றும் பார்க்கட்டும். யாழ் ஐரி ஹப் என்ற அமைப்பு நடத்தும் போட்டிகளில் புதிய எண்ணங்களுக்குப் பரிசு உண்டு. பராமரிப்புக்கும் ஒரு பரிசு இருந்தால் நல்லது. சேர்வர் வைத்திருக்கும் அரச அலுவலகமும் கூட்டுறவுச் சங்கமும் வைத்தியசாலையும் லொக்கை வாசிக்கும் பொறுப்பை ஒருவரின் வேலைப் பட்டியலில் எழுத்தில் சேர்க்கவேண்டும். பெயரிடப்படாத பொறுப்பை எவரும் செய்வதில்லை.

சேர்வரைக் கையாளும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கடந்த ஏழு நாள் லொக்கைத் திறந்து, மிக அதிக தடவை வந்த செய்தி எது என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஒன்றின் காரணத்தைத் தேடித் திருத்துங்கள். அடுத்த வாரம் இரண்டாவதை எடுங்கள்.