மூன்று மில்லிமீட்டர் பித்தளை

நம் வீட்டுச் சுவர்களில் இரண்டு அளவுகளில் மின்சாக்கெட்டுகள் உண்டு. 16 ஆம்பியர் பிளக்கின் தடித்த முனைகள் 6 ஆம்பியர் சாக்கெட்டுக்குள் நுழையமாட்டா. அங்கே எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லை. எழுத்தறியாதவரும், இருட்டில் தடவுகிறவரும்கூட அந்தத் தவற்றைச் செய்ய இயலாதபடி பொருளின் வடிவமே காவல் நிற்கிறது. அமெரிக்கத் தோட்டாத் தொழிலும் இதே காவலைத் தொண்ணூறு ஆண்டுகளாகப் பேணிவருகிறது. அதைப் பணிமேசையில் அமர்ந்து அமைதியாக முறிக்கிற சிலர் தம்மையே அக்கலையின் தேர்ந்த மாணவர்கள் என்று எண்ணிக்கொள்வதுதான் விந்தை.

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்குவது அமெரிக்காவில் சட்டம் அனுமதிக்கும் பழைய கைத்தொழில். அதில் சிக்கனம் உண்டு, நுட்பம் உண்டு. ஆலைகள் கைவிட்ட பழைய தோட்டா வகைகளை உயிருடன் வைத்திருப்பதும் அதுவே. அந்தக் கலையோடு யாருக்கும் வழக்கில்லை. வழக்கு ஒரே ஒரு பழக்கத்தோடுதான்: தாழ்ந்த அழுத்தத்திற்கென வகுக்கப்பட்ட பழைய கூட்டில், மேக்னம் தோட்டாவை எட்டிப்பிடிக்கும் வேகத்துக்கு மருந்து இட்டுவிட்டு, ‘என் துப்பாக்கி தாங்கும்’ என்று சொல்கிற பழக்கம்.

அவர்கள் காட்டும் துப்பாக்கி பெரும்பாலும் ஒற்றைத் தோட்டாக் கைத்துப்பாக்கி. வாரன் சென்டர் வடிவமைத்து 1967இல் வெளிவந்த தாம்சன்/சென்டர் கன்டென்டர் அவ்வகையில் புகழ்பெற்றது. அதில் சுழலும் உருளை இல்லை. தோட்டாவின் அறை குழலின் தடித்த எஃகுக்குள்ளேயே கடையப்பட்டிருக்கிறது. 1873இல் பிறந்த கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ரிவால்வரிலோ ஆறு அறைகள் ஓர் உருளைக்குள் நெருங்கி நிற்கின்றன. .45 தோட்டாவின் பருமனுக்கு அறைச்சுவர் மெலிந்துபோகிறது. உருளையை நிறுத்தும் பள்ளமும் அந்த மெல்லிய சுவரின் மேலேயே வெட்டப்பட்டிருக்கிறது. .45 கோல்ட் தோட்டாவின் தொழில்துறை உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு என்று இன்றும் நிற்பதற்குக் காரணம் அந்தப் பழைய சுவர்கள்தாம். ‘ரூகருக்கும் கன்டென்டருக்கும் மட்டும்’ என்ற தலைப்பில் கையேடுகள் தனியே அச்சிடும் அளவுகள் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு அழுத்தத்தை எட்டுகின்றன. கூடு மட்டும் அதே கூடு, அதே நீளம்.

இந்த இடத்தில் வரலாற்றைத் திறந்து பார்க்க வேண்டும். 1930இல் .38-44 என்ற பெயரில் ஒரு வீரியமான தோட்டா வந்தது. அதற்கென்றே கனமான சட்டமுடைய ரிவால்வரும் வந்தது. ஆனால் தோட்டாவின் நீளம் சாதாரண .38 ஸ்பெஷலின் நீளமே. ஆகவே மெலிந்த .38 ரிவால்வர்களுக்குள்ளும் அது தடையின்றி நுழைந்தது. ஐந்தே ஆண்டுகளில் தொழில்துறை பாடம் கற்றது. 1935இல் .357 மேக்னம் பிறந்தபோது அதன் கூடு .38 ஸ்பெஷலைவிட ஏறத்தாழ 3.4 மில்லிமீட்டர் நீட்டப்பட்டது. கூடுதல் மருந்துக்கு இடம் தேடி அதை நீட்டவில்லை. பழைய ரிவால்வரின் அறை அதை ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே நோக்கம்.

எல்மர் கீத் என்பவர் இவ்வுலகின் பெரும்பெயர். .45 கோல்ட் ரிவால்வர்களை மிகைமருந்தால் உடைத்துப் பார்த்தபின், அறைச்சுவர் சற்றே தடித்த .44 ஸ்பெஷலுக்கு மாறி, அதில் பல ஆண்டுகள் வீரியத் தோட்டாக்களைக் கையால் நிரப்பிச் சுட்டவர். அவருடைய நெடிய வற்புறுத்தலுக்குச் செவிசாய்த்து ரெமிங்டனும் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் 1955இன் இறுதியில் .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. அவர் பயன்படுத்திய கூட்டையே விற்பனைக்கு அனுப்பவில்லை. 3 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாக நீட்டிய பின்னரே அனுப்பின. டிக் கசூல் உருவாக்கிய .454 கசூல், .45 கோல்டைவிட 2.5 மில்லிமீட்டர் நீளம். அதன் உச்ச அழுத்தம் 65,000 பவுண்டு. 2005இல் வந்த .460 மேக்னம் அதைவிடவும் நீளம். வீரியம் கூடுந்தோறும் கூடு நீண்டிருக்கிறது. வலியவனின் தோட்டா மெலியவனின் துப்பாக்கிக்குள் போகக்கூடாது என்ற ஒழுங்கு இப்படிப் பித்தளையிலேயே எழுதப்பட்டது.

மிகைமருந்தை ஆதரிப்போர் முன்வைக்கும் முதல் வாதம் உரிமை: ‘ஆபத்து எனக்குத்தானே?’ இல்லை. தோட்டா சுடப்படும்வரை அழியாத பொருள். உலர்ந்த பெட்டியில் பல பத்தாண்டுகள் கெடாமல் இருக்கும். உடையவர் இறப்பார், பெட்டி மகனுக்கோ மருமகனுக்கோ ஏலக்காரருக்கோ போகும். மேலே ஒட்டிய தாள் உதிரும், மை மங்கும். கூட்டின் அடியில் பொறித்த ‘.45 கோல்ட்’ என்ற எழுத்து மட்டும் மங்காது. அந்த எழுத்தை நம்பி ஒருவர் தம் பாட்டனாரின் ரிவால்வரில் அதை இடுவார். அவர் செய்தது பிழையன்று. பொறித்திருந்ததைப் படித்தார், அவ்வளவே. பொய் சொன்னது தோட்டா. சொல்லவைத்தவர் அப்போது உயிருடன்கூட இருக்கமாட்டார்.

இரண்டாவது வாதம் அனுபவம்: ‘மிகை அழுத்தத்தின் அடையாளங்களை நான் படிப்பேன். பிரைமர் தட்டையாகும், கூடு அறையில் ஒட்டும்.’ இந்த அடையாளங்கள் பித்தளை நெகிழும்போது தோன்றுபவை. பித்தளை நெகிழும் எல்லை 14,000 பவுண்டுக்கு வெகு உயரத்தில் இருக்கிறது. பழைய ரிவால்வருக்கு உகந்த எல்லை எப்போதோ கடந்துபோன பின்னும் பிரைமர் உருண்டையாகவே சிரித்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வாதம் வலிமை. இதிலும் பாதி உண்மையே இருக்கிறது. குழலின் சுவரை விரிக்க முயல்வது அழுத்தம். மடங்கித் திறக்கும் துப்பாக்கியின் சட்டத்தைப் பின்னோக்கி உந்துவது, அந்த அழுத்தத்தைக் கூட்டின் பரப்பால் பெருக்கிய விசை. .45 கூட்டின் குறுக்குப் பரப்பு .357 கூட்டின் பரப்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். ஆகவே அழுத்தம் ஒன்றாகவே இருந்தாலும் சட்டம் தாங்கும் சுமை ஒன்றரை மடங்காகிறது. குழல் தடித்திருக்கிறது என்பதைக் கண்டு மகிழ்பவர், தாழ்ப்பாளையும் சட்டத்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை.

நேர்மையாகச் சில விலக்குகளையும் சொல்ல வேண்டும். தொழில்துறையே .38 ஸ்பெஷலில் ‘ப்ளஸ் பி’ என்ற வகையை நீளம் மாற்றாமல் விற்கிறது. ஆனால் அங்கே 17,000 பவுண்டு 20,000 ஆகிறது, இரு மடங்காகவில்லை. கூட்டின் அடியிலும் அக்குறி பொறிக்கப்பட்டிருக்கிறது. கைநிரப்புவோரிலும் சிலர் குண்டை வெளியே நீட்டிப் பொருத்துகிறார்கள். அது பழைய ரிவால்வரில் உருளையைச் சுழலவிடாமல் தடுக்கும். அவர்களுக்கு இந்த ஒழுங்கு புரிந்திருக்கிறது. ஆயினும் எல்லா உருளைகளும் ஒரே நீளமுடையவை அல்ல. பொது அளவு ஒன்றின் உறுதி தனிமனிதரின் முன்யோசனைக்கு வராது.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் சாட்சிக்கு அழைக்கும் கன்டென்டரே அவர்களுக்கு எதிராகப் பேசுகிறது. அத்துப்பாக்கியின் சிறப்பே குழலை எளிதில் மாற்றலாம் என்பது. ஓர் ஆணியைத் தட்டி எடுத்து, .45 கோல்ட் குழலை இறக்கிவிட்டு .44 மேக்னம் குழலை ஏற்ற முடியும். வேண்டிய வீரியம் அத்தனையும் அதற்கென்றே நீட்டப்பட்ட கூட்டில், முறையான பெயரோடு கிடைக்கிறது. எந்தத் துப்பாக்கியின் பெயரைச் சொல்லிப் பழைய கூட்டில் மிகைமருந்து இடப்படுகிறதோ, அந்தத் துப்பாக்கிக்கே அது தேவையில்லை. மிஞ்சுவது பழைய தோட்டாவைப் புதியதற்கு நிகராக்கிக் காட்டும் பெருமை ஒன்றுதான்.

கைநிரப்பும் கலைக்கு வேண்டிய விதி ஒற்றை வரியில் அடங்கும்: மெலிந்த துப்பாக்கி ஏற்க மறுக்கும் கூட்டில் மட்டுமே வலிய மருந்தை இடுக. 1935இல் அந்தக் கூட்டை நீட்டியவர்கள், தம் தோட்டா யார் கைக்குப் போகும் என்று அறியாதவர்கள். அறியாததால்தான் நீட்டினார்கள். பணிமேசையில் அமர்ந்திருப்பவருக்கும் அது தெரியாது.