காஷான் நகரத்துப் பொன்மெருகு

பாரசீக நாட்டு மெருகுக் கலங்கள் சீனப் பீங்கானின் போலிகளே எனக் கூறுவார் உளர். (பீங்கான் என்னும் சொல்லே பாரசீகத்திலிருந்து தமிழுக்கு வந்தது என்பர்.) சீனத்து வெண்கலங்களைக் கண்டு பாரசீகக் குயவர் ஆசைகொண்டனர் என்பது உண்மையே. ஆயினும், அவர்கள் சென்ற வழியை நோக்குவோர் அவ்வாறு இகழத் துணியார்.

சீனப் பீங்கானுக்குரிய மண்ணும், அதனை வேகவைக்கும் கடுஞ்சூட்டுச் சூளையும் அவர்களிடம் இல்லை. ஆதலின் மண்ணை விடுத்துக் கல்லை நாடினர். எகிப்தில் முன்னரே வழங்கிய ஒரு முறை அவர்கட்குத் துணையாயிற்று. காஷான் நகரில் குயவர் குடியிற் பிறந்த அபுல் காசிம் என்பார் 1301ஆம் ஆண்டில் எழுதிய நூல் அதன் அளவைக் கூறுகிறது: வெண்கற்பொடி 10 பங்கு, கண்ணாடிப்பொடி 1 பங்கு, வெண்களிமண் 1 பங்கு. களிமண் இத்துணைக் குறைந்த கலவை சக்கரத்தில் வனைதற்கு எளிதில் இணங்காது. எனவே, பல கலங்களை அச்சிலிட்டே உருவாக்கினர். சூளையில் கண்ணாடி உருகிக் கற்பொடியைப் பிணைத்தது. மேற்பூச்சும் கண்ணாடியே, அதில் வெள்ளீயம் சேர்ந்தால் பால்வெண்மையும், செம்பு சேர்ந்தால் பசுநீலமும் தோன்றும்.

இவற்றினும் அரியது பொன்மெருகு. இதனை அவர்கள் சீனரிடம் கற்றிலர். மட்கலத்தில் இக்கலை 9ஆம் நூற்றாண்டில் ஈராக்கில் தோன்றியது. முன்பே சுட்டு ஆறிய மெருகின்மீது, வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையால் ஓவியம் தீட்டுவர். பின்னர் மீண்டும் சூளையிலிட்டு, காற்றை அடக்கிப் புகை சூழ, மென்தீயில் மூன்று நாள் வைப்பர். புகை அக்கலவையிலுள்ள உயிர்வளியைக் கவர்ந்துகொள்ள, மிக நுண்ணிய உலோகப் படலம் மெருகில் தங்கிவிடும். வெளியே எடுக்குங்கால் கலம் மங்கியே இருக்கும். ஈரமண் கொண்டு தேய்த்த பின்னரே பொன்னொளி வெளிப்படும். தீ சற்று மிகினும் குறையினும் உழைப்பனைத்தும் பாழ். இத்தனைக்கும் அக்கலத்தில் ஒரு குன்றிமணிப் பொன்னும் இல்லை!

கற்றவர் பாரசீகர் மட்டுமே என எண்ணுதலும் தவறு. 14ஆம் நூற்றாண்டில் சீனர் வெண்மைமீது நீல ஓவியம் தீட்டிப் பெரும்புகழ் எய்தினர். அந்நீலத்துக்குரிய கோபால்ட்டுத் தாது பாரசீகத்திலிருந்தே சென்றது என்பது ஆராய்ச்சியாளர் பலர் துணிபு. காஷானை அடுத்த கம்சரில் அத்தாது வெட்டி எடுக்கப்பட்டது.