வில்லை என்னும் சொல்

கலைச்சொல் ஒன்றை ஆக்கிவிட்டால் அக்கலையே தமிழுக்கு வந்து சேர்ந்ததென மகிழ்வாருளர். அம்மகிழ்ச்சியில் எனக்கு உடன்பாடில்லை. 'ஈர்ப்பு வில்லை' என்னும் தொடரையே எடுத்துக்கொள்வோம்.

திணிவு மிக்க பொருளின் அருகே செல்லும் ஒளி வளையும் என்பது ஐன்ஸ்டைன் கொள்கை. ஞாயிற்றின் விளிம்பை ஒட்டிவரும் ஒளி 1.75 விகலை வளையும் என்றார் அவர். 1919ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் முழு மறைப்பின்போது எடுத்த படங்கள் அதனோடு ஒத்து நின்றன. ஒரு ஞாயிற்றுக்கே இவ்வாற்றல் உண்டெனின், விண்மீன் மண்டலங்கள் பல திரண்ட கொத்தொன்று என்னதான் செய்யாது? 2003ஆம் ஆண்டில் சிறுசிங்கம் என்னும் விண்மீன் தொகுதியில் அதனைக் கண்டனர். தொலைவிலுள்ள குவாசர் ஒன்று, இடைநின்ற மண்டலக் கொத்தின் ஈர்ப்பால், நான்காகத் தோன்றியது. மங்கலான ஐந்தாம் உரு பின்னர்ப் புலப்பட்டது. நான்கு உருவின் ஒளியும் வந்த வழிகள் வேறாதலின், வந்து சேரும் காலமும் வேறு. முந்தியதற்கும் பிந்தியதற்கும் இடையே 2458 நாள் என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. ஆறாம் வகுப்பிற் சேரும் நாளில் ஓருருவிற் கண்ட ஒளிமாற்றத்தை, அம்மாணவன் உயர்தர வகுப்பில் அமர்ந்த பின்னரே மற்றோருருவிற் காண்பான்!

இனிச் சொல்லுக்கு வருவோம். குவிவில்லையின் நடுவே செல்லும் ஒளி வளையாது. விளிம்பிற் செல்வதே மிகுதியாக வளையும். ஆதலால் ஒளியெல்லாம் ஒரு புள்ளியிற் குவியும். ஈர்ப்பின் இயல்போ நேர்மாறு. திணிவை நெருங்கிச் செல்லும் ஒளியே மிக வளையும். விலகிச் செல்வது குறைவாக வளையும். குவியம் என ஒன்று அங்கில்லை; பல உருக்களும் விற்களும் வளையங்களுமே உண்டு. 'வில்லைபோற் குவிக்கும்' என்று எழுதும் மாணவன் சொல்லைக் கற்றானேயன்றிப் பொருளைக் கற்றிலன்.

ஆயின் சொல்லை மாற்றவேண்டுமோ? வேண்டா என்பதே என் துணிபு. சந்தன வில்லை, மருந்து வில்லை என்பவற்றில் வில்லை வட்ட வடிவையே குறிக்கும், குவித்தலைக் குறியாது. ஆங்கிலச் சொல்லும் அவரைக் குலத்துப் பருப்பொன்றின் பெயரே. பிழை சொல்லிலில்லை, இலக்கண ஆசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் ஒருவர் வகுப்பை மற்றவர் எட்டிப் பாராமையில் உள்ளது. 1936ஆம் ஆண்டுச் சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய காரைதீவு விபுலானந்த அடிகள் பண்டிதரும் விஞ்ஞானப் பட்டதாரியுமாக ஒருங்கே விளங்கியவர். அவர் பிறந்த மட்டக்களப்பு நாட்டிலே இவ்விரு கல்வியும் சுவர் எழுப்பி நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வாவிக்கு மேற்கே, கரடியனாறு போன்ற ஊர்ப் பாடசாலைகளில் பெருங்கருவிகள் வேண்டியதில்லை. காம்புள்ள கண்ணாடிக் கிண்ணம் ஒன்று போதும் (அது எதற்குரியதென்று இங்கு ஆராயவேண்டா). அதன் அடித்தட்டின் வழியே சிறு விளக்கை நோக்கின் விளக்கு இரண்டாகும். நேரே பிடித்தால் வளையமாகும். அதனைக் காட்டுவார் விஞ்ஞான ஆசிரியராகுக. 'வில்லை' என்பதன் பொருளை அருகிருந்து விரிப்பார் தமிழாசிரியராகுக. தவணைக்கு ஒரு பாடவேளை இதற்கு ஒதுக்குமாறு அதிபர்களை வேண்டுகின்றேன்.