தண்ணீர் குடிக்காமல் ஒரு சுற்றுலா

சுற்றுலா போய் வந்த பெண்களிடம், "டூர் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "மலை அழகு, குளிர் சூப்பர்" என்பார்கள். கொஞ்சம் நெருங்கிய தோழியாக இருந்தால் மட்டும் குரலைத் தாழ்த்தி, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சுக்கா, பாத்ரூமுக்குத்தான் பட்ட பாடு..." என்று இழுப்பார்கள். வீட்டுக்கு வீடு இதே கதைதான். ஆனால் யாரும் வாய் திறப்பதில்லை. "இதையெல்லாமா பேப்பருக்கு எழுதுவாங்க?" என்று என் மாமியாரே கேட்டார். எழுதினால் என்ன தப்பு என்று எனக்குத் தோன்றியது, எழுதிவிட்டேன்.

காலாண்டு விடுமுறையில் மதுரையிலிருந்து மூணாறுக்கும், அங்கிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கும் வேன் பிடித்துப் போனோம். மொத்தம் 11 பேர். அதில் பெண்கள் 6 பேர் - மாமியார், நாத்தனார், நான், ஓரகத்தி, எங்கள் இரண்டு பேரின் மகள்கள். விடிகாலை 3 மணிக்கு எழுந்து புளியோதரை கிளறி, தயிர்சாதம் பிசைந்து, உருளைக்கிழங்கு வறுத்துக் கட்டியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் டயரில் காற்று பார்த்தார். என்னவர் டீசல் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டார். கொழுந்தனார் எந்த ஊரில் எந்தக் கடையில் டீ நன்றாக இருக்கும் என்று விசாரித்து வைத்திருந்தார். ஆறு பெண்கள் ஐந்தாறு மணி நேரம் பயணம் போகிறார்களே, நடுவில் எங்கே இறங்குவார்கள் என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

பெண்கள் நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வழக்கமாகச் செய்வதைத்தான். முதல் நாள் ராத்திரியோடு தண்ணீரை நிறுத்திவிட்டோம். என் ஓரகத்தி பெருமையாகவே சொன்னாள், "அக்கா, நான் காலைல இருந்து ஒரு சொட்டு தண்ணி வாயில வைக்கல!" இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? தண்ணீர் குடிக்காமல், வருவதையும் அடக்கி வைத்தால் சிறுநீர்த் தொற்று வரும் என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எரிச்சல், காய்ச்சல், முதுகுவலி என்று படுத்த பிறகு மருந்துக்கும் மாத்திரைக்கும் செலவழிக்கிறோம். போதாததற்கு, குளிரான இடத்துக்குப் போனால் தாகம் எடுக்காது, ஆனால் சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும். மலைப் பயணத்தில் நமக்கு இரட்டைக் கஷ்டம்.

தேனி வரை பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு ஒரு பெட்ரோல் பங்கில் நிறுத்தினோம். பெண்கள் கழிவறை என்று பெரிதாக எழுதியிருந்தது. கதவில் பூட்டு. கேட்டால், "சாவி ஓனர்கிட்ட இருக்கும்மா" என்றார் அங்கிருந்த பையன். பங்க் என்றால் கழிவறை வைத்திருக்க வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களின் விதி இருக்கிறது. பூட்டி வைக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. டிரைவரோ, "மேல போனா இருக்கும்மா" என்று கிளப்பிவிட்டார். மேலே என்றால் போடி மெட்டு. 17 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் வேன் ஆடும்போது அடிவயிறு என்ன பாடு பட்டிருக்கும் என்று பெண்களுக்கு மட்டும்தான் புரியும்.

ஆண்களுக்கு என்ன, வேனை ஓரம் கட்டினால் வேலை முடிந்தது. எங்கள் வேனும் இரண்டு முறை நின்றது, அவர்களுக்காக. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். நாங்கள் எங்கே போவது? போடி மெட்டைத் தாண்டினால் ஏலத்தோட்டமும் தேயிலைத் தோட்டமும். "அந்த மறைவுல போயிட்டு வாங்களேன்" என்றார் என்னவர் வெகு சுலபமாக. அது யானைகள் நடமாடும் இடம். 2023-ல் அரிக்கொம்பன் யானையை மயக்க ஊசி போட்டுப் பிடித்ததே அந்தச் சின்னக்கானல் பக்கம்தான். பிறகு அது கம்பம் ஊருக்குள் வந்து ஓடியதை நம் எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். யானை வராவிட்டாலும் அட்டைப்பூச்சி வரும். மழை ஈரத்தில் காலில் ஏறினால் தெரியவே தெரியாது.

இதில் என் மகளுக்கு இரண்டாம் நாள். வயது 14. முதல் நாள் ராத்திரியே மாமியார், "பாவம் புள்ள, எப்படி சமாளிக்கும்? வீட்ல இருக்கட்டும், நானும் துணைக்கு இருந்துக்கிறேன்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. வரையாட்டைப் பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தவள். மாதத்தில் 5 நாள் என்று பார்த்தால் ஒரு பெண் வருடத்தில் 60 நாள் வீட்டிலேயே உட்கார வேண்டுமே! "வரட்டும் அத்தை, நான் பார்த்துக்கறேன்" என்று கூட்டிப் போனேன்.

வழியில் ஒரு ஓட்டலில் கேட்டோம். சாப்பிட்டால்தான் பாத்ரூம் என்றார்கள். கையில் கட்டுச்சோறு இருக்கும்போது சாப்பாடு எதற்கு என்று 11 டீ சொன்னோம். டீ குடித்தால் அடுத்த அரை மணியில் மறுபடி பாத்ரூம் தேட வேண்டும், அது வேறு விஷயம். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. என் ஓரகத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே குப்பைக்கூடை இல்லை. பயன்படுத்திய நாப்கினைப் பேப்பரில் சுற்றி, கவரில் போட்டு, என் கைப்பையிலேயே வைத்து மூணாறு அறைக்குக் கொண்டுபோனேன். மலையில் வீசி எறிய எனக்கு மனசு வரவில்லை. எல்லோரும் அப்படிச் சுமந்துகொண்டு போவார்களா? ஓடையோரம் கிடக்கிற குப்பையைப் பார்த்தால் பதில் தெரியும். "பெண்கள் இப்படிப் போடலாமா?" என்று திட்டுகிறவர்கள், போடுவதற்கு ஒரு கூடை வைத்தார்களா என்றும் கேட்கட்டும்.

பூங்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் என் மகள் கோபித்துக்கொள்வாள். நம் வண்டியை ராஜமலைக்குள் விடுவதில்லை. அவர்கள் பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். இறங்கி நடந்தால் பாறை மேல் வரையாடுகள் சாவகாசமாக மேய்கின்றன. நம் தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. ஒரு தாய் ஆடு குட்டியோடு ரோட்டுக்குப் பக்கத்திலேயே நின்றது. எங்கள் வீட்டுப் பையன் சிப்ஸ் பாக்கெட்டை நீட்டப் போனான், என் மகளே அதட்டி நிறுத்தினாள். தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், அந்தப் பூங்காவுக்குள்தான் இருக்கிறது. 12 வருடத்துக்கு ஒரு முறை நீலக்குறிஞ்சி பூக்கிறதும் அங்கேதான். 2018-ல் பூத்தது, இனி 2030. அப்போது என் மகள் வேலைக்கே போயிருப்பாள்.

1978-ல் தேசியப் பூங்கா ஆன இடம் இது. வரையாடுகள் குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பொதுவாகப் பார்வையாளர்களை விடுவதில்லை. இதைக் கேட்டதும் மாமியார், "ஆட்டுக்கே பிரசவ லீவு குடுக்கிற ஊருல, பொம்பளைங்க ஒதுங்க வழியில ஒரு இடம் கட்டக் கூடாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மாமியார்தான் பேப்பருக்கு எழுதுவாங்களா என்று கேட்டவர்!

கேரளத்தில் 'டேக் எ பிரேக்' என்று வழியோரக் கழிவறைகள் கட்டும் திட்டம் இருக்கிறது. நல்ல திட்டம். நம் பக்கமும் மலைப்பாதை தொடங்கும் முன் ஒன்று, ஏறி முடித்ததும் ஒன்று என்று கட்டினால் புண்ணியமாகப் போகும். கட்டினால் மட்டும் போதாது. தண்ணீர், தாழ்ப்பாள், மூடி போட்ட குப்பைக்கூடை, கூட்டிப் பெருக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் - இவை இல்லாவிட்டால் அதுவும் பூட்டிய கதவாகத்தான் நிற்கும். தலைக்கு 10 ரூபாய் வாங்கட்டும், தாராளமாகக் கொடுப்போம். 11 டீயை விடக் குறைவுதான். இன்னொன்று. எந்தச் சுற்றுலா இடத்திலும் ஆண்களுக்கு எத்தனையோ பெண்களுக்கும் அத்தனையே என்று கட்டுகிறார்கள். புடவையும் சுடிதாரும் கட்டி, கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு வருகிற நமக்கு நேரம் கூட ஆகும். அதனால்தான் நம் வரிசை வாசல் வரை நீள்கிறது. பெண்களுக்கு ஒன்றுக்கு இரண்டாகக் கட்ட வேண்டும்.

கோடை விடுமுறையில் முதுமலை போகலாம் என்று இப்போதே பேச்சு நடக்கிறது. நீலகிரிக்கு 2024-லிருந்து இ-பாஸ் வேண்டும் என்று என்னவர் விவரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஒரு தாளை எடுத்து, எங்கெங்கே நிறுத்த வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், அதை வேன் பேசும்போதே டிரைவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று. "என்ன அண்ணி, பாத்ரூம் டூரா?" என்று கொழுந்தனார் கிண்டல் செய்தார். என் மகள் அவரிடமே பேனாவைக் கொடுத்து, "சித்தப்பா, டீக்கடை லிஸ்ட் உங்களுக்குத் தெரியுமே, அதுல எங்கெங்க லேடீஸ் டாய்லெட் இருக்குன்னு டிக் பண்ணுங்க" என்றாள். ஒன்றுக்குக்கூட அவரால் டிக் போட முடியவில்லை. இப்போது ஒவ்வொரு கடைக்கும் போன் போட்டு விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, மதுரை.