பழைய குளத்துக்குப் புதிய துருசு

வன்னி மக்களுக்குக் குளத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துருசு பழுதாயிற்றென்று இரணைமடுவைக் கைவிடுவார் உளரோ? கட்டை உயர்த்துவர், துருசைப் புதுக்குவர், பழைய குளமே புதிய வயலுக்கும் நீர் தரும். கணனி உலகிலும் இத்தகைய திருப்பணியொன்று நடைபெறுகின்றது.

டீபேஸ் என்பது தரவுகளைப் பேணி, வேண்டும்போது எடுத்துதவும் மொழி. 1970களின் பிற்பகுதியில் வேயின் ராட்லிவ் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர், அலுவலகக் காற்பந்துப் பந்தயத்தில் வெல்லும் பொருட்டு இதன் முதல் வடிவை ஆக்கினார்! கிளிப்பரும் பொக்ஸ்புரோவும் அதன் வழித்தோன்றல்கள். கடைக் கணக்கும் சம்பளப் பட்டியலும் இவற்றிலேயே வளர்ந்தன. ஆயின், பொக்ஸ்புரோவை 1992இல் தனதாக்கிய மைக்ரோசொப்ட், 2015 சனவரியோடு அதற்கான ஆதரவை முடித்துக்கொண்டது.

தாய் கைவிட்ட பிள்ளையைப் பிறர் எடுத்து வளர்த்தனர். 1999இல் தொடங்கிய ஹாபர் என்னும் கட்டற்ற முயற்சி, கிளிப்பர் நிரல்களை விண்டோஸ், லினக்ஸ், மாக் ஆகிய மூன்றிலும் இயங்கச் செய்கின்றது. எக்ஸ்-ஷார்ப் அவற்றை டொட்நெற் தளத்துக்குக் கொணர்கின்றது. இஃது எளிதாயதற்குக் காரணம் யாது? பழைய கோப்பின் தலைப்பகுதியிலேயே ஒவ்வொரு புலத்தின் பெயரும் வகையும் அகலமும் எழுதப்பட்டுள்ளன. தன்னை விளக்கும் குறிப்பைத் தானே சுமக்கும் கோப்பு, எசமானனை இழந்தும் வாழும்.

தமிழருக்கோ இன்னுமோர் இடர் உண்டு. பாமினி எழுத்துருவில் பதிந்த ‘அம்மா’, கோப்பினுள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே கிடக்கும். எழுத்துரு இல்லாத இடத்தில் அம்மாவைக் காணோம்! அதனை யுனிகோட்டுக்கு மாற்றல் வேண்டும். அதே புலத்தில் ஆங்கிலப் பெயரும் கலந்திருப்பின், கண்மூடி மாற்றும் கருவி அதனைச் சிதைத்துவிடும்.

இடப்பெயர்வுகளில் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் பல வாழும் மண் இது. இங்கே பழைய பதிவேட்டிலுள்ள ஒரு பெயர் வெறும் எழுத்தன்று. ஒருவர் இருந்தார் என்பதற்குச் சான்று.

ஆதலின், 2021இல் தனிப் பல்கலைக்கழகமாய் மலர்ந்த வவுனியாவிலும், கிளிநொச்சி அறிவியல் நகரிலும் பயிலும் மாணவர்க்கு ஒரு சொல்: மூலக் கோப்பைத் தொடாது பிரதியெடுங்கள். மாற்றிய பின் பதிவுகளின் தொகையை ஒப்பிடுங்கள். பின்னர் ஊரறிந்த முதியவர் ஒருவரை அருகிருத்திப் பெயர்களை வாசியுங்கள். கருவி காணாத பிழையை அவர் செவி காணும்.